ராஜா ரயிலும் தேசிங்கு ராஜாவும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வயது 68. எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு எங்களை 'பேலஸ் ஆன் வீல்ஸ்' என்ற சொகுசுச் சுற்றுலா ரயிலில் ராஜஸ்தான் அனுப்பியே தீருவோம் என்று சிங்கப்பூரில் இருக்கும் மகனும் மருமகளும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். ஆகும் செலவைக் கேட்டதும் என் மனைவி, "அந்தக் காசுல மாடியே எடுத்துடலாம்" என்றாள். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. தவிர, நமக்கு ராஜா என்றால் செஞ்சிக் கோட்டை தேசிங்கு. அந்த ஊர் ராஜாக்கள் நமக்கு என்ன உறவு? நீங்கள் அந்தப் பக்கம் போய்வந்தவர். போகலாமா, வேண்டாமா?

ஒரு வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள ஐயா,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அந்த ரயிலில் ஏறியதில்லை. நான் போனது சாதாரண ஸ்லீப்பரில், புளிச்சோற்று டப்பாவோடு. ஆனால் ஜோத்பூர் ஸ்டேஷனில் ஒரு காலை நேரம் அதன் பக்கத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறேன். என் ரயில் தாமதம், அதனால் கிடைத்த வாய்ப்பு. பிளாட்பாரத்தில் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். மேளம் அடித்தார்கள். இறங்கியவர்களுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, பஸ்ஸுக்குக் கூட்டிப்போனார்கள். எல்லாம் பத்து நிமிஷம். பஸ் கிளம்பியதும் பெட்டியின் பணியாளர் ஒருவர் சுருட்டிய கம்பளத்தின் மேலேயே உட்கார்ந்து தலைப்பாகையைக் கழற்றினார். தொப்பி மாதிரி அப்படியே கையோடு வந்தது. முன்பே கட்டித் தைத்து வைத்த தலைப்பாகை. அதை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்தார். எனக்கு நம் ஊர் கூத்துக் கொட்டகை ஞாபகம் வந்தது. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு பீடி பற்றவைக்கும் துரியோதனன்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த ரயிலே ஒரு கூத்துதான், நல்ல கூத்து. ஆனால் ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1982 ஜனவரி 26 அன்று முதன்முதலாக ஓடியபோது அதில் கோத்திருந்தவை நிஜமான ராஜா பெட்டிகள். சமஸ்தானத்து மன்னர்களும் வைஸ்ராய்களும் பயணம் செய்த பழைய சலூன்கள், அதாவது சொகுசு ரயில் பெட்டிகள். 1971இல் மன்னர் மானியம் ஒழிந்தது. ராஜாக்களுக்குச் சம்பளம் போன பதினோராம் வருஷம் அவர்களுடைய பெட்டியில் யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து ஏறலாம் என்று ஆனது. எனக்குப் பிடித்த கட்டம் அதுதான்.

அவை மீட்டர் கேஜ் பெட்டிகள். அதாவது, பிராட் கேஜ் எனும் அகலப் பாதை வரும் வரைக்கும் நம் திருப்பாதிரிப்புலியூர் வழியாக விழுப்புரத்துக்கும் மாயவரத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த அதே ஒரு மீட்டர் அகலம். சக்கரக் கணக்குப்படி பார்த்தால் ஒரு மகாராஜாவின் சலூன் கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) ஸ்டேஷனில் வந்து நின்றிருக்கலாம். பெட்டிகள் பழசு, ஏ.சி. கிடையாது. பாலைவன வெயிலில் ராஜாவானாலும் வேர்க்கும். 1990களில் ராஜஸ்தான் தடங்கள் பிராட் கேஜ் ஆனபோது ரயிலும் பிராட் கேஜுக்கு மாறியது. இன்று ஓடுவது ராஜாக்கள் கண்ணாலும் பார்க்காத பெட்டி. பின்னால் வந்த இதே மாதிரி ரயில்களான மகாராஷ்டிரத்தின் டெக்கான் ஒடிசியையும் கர்நாடகத்தின் கோல்டன் சேரியட்டையும் எங்கே கட்டினார்கள் தெரியுமா? நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில். அந்த கோல்டன் சேரியட்டின் தென்னகச் சுற்றில் ஒரு காலத்தில் உங்கள் புதுச்சேரியும் இருந்தது. ஆகவே கூச்சத்தை விடுங்கள். நம்மூர் பிட்டர்களும் வெல்டர்களும் சேர்ந்து உருவாக்கிய ராஜபோகம் இது.

ராஜாக்களுக்கும் ரயில் ஒரு விளையாட்டுச் சாமான்தான். குவாலியர் ஜெய்விலாஸ் அரண்மனையின் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒரு வெள்ளி ரயில் ஓடுகிறது. பெட்டிக்குப் பெட்டி கண்ணாடிக் குப்பியில் மதுவும், கூடவே சுருட்டும். விருந்தாளி குப்பியைத் தூக்கினால் ரயில் நின்றுவிடும், திரும்ப வைத்தால் கிளம்பும். சிந்தியா மன்னரின் ஏற்பாடு. பிடிக்காத விருந்தாளிக்கு நிற்காமல் போகவும் வழி வைத்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த ரயில் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஓடும். பகலில் ஊர், ராத்திரியில் ஓட்டம். டெல்லியில் புதன்கிழமை கிளம்பி ஏழு இரவு. ஜெய்ப்பூர், சவாய் மாதோபூர், சித்தோர்கர், உதய்ப்பூர், ஜெய்சல்மேர், ஜோத்பூர், பரத்பூர், ஆக்ரா, மறுபடி டெல்லி. ஒரே நாளில் காலையில் மாதோபூர் காட்டில் புலி, சாயங்காலம் சித்தோர்கர் கோட்டை. புலி வரலாம், வராமலும் போகலாம். 1303, 1535, 1568 என்று மூன்று முறை வீழ்ந்த கோட்டைக்கு ஒரு மாலைப் பொழுது! எனக்கு இது ஆறவே ஆறாது. அப்புறம், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மணலையும் ஒட்டகத்தையும் பார்க்கலாம் என்று நினைத்தால், அந்த நேரத்துக்கு நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையில் லோஹா போல் என்று ஒரு வாசல் இருக்கிறது. பக்கச் சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னக் கைத்தடங்கள். உடன்கட்டை ஏறப் போன ராணிகள் கடைசியாகப் பதித்துவிட்டுப் போனவை. மேலே செந்தூரமும் வெள்ளித்தாளும் பூசியிருக்கிறார்கள். என் உள்ளங்கையைக் காற்றில் வைத்து அளவு பார்த்தேன், பாதிதான் இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கை. நான் நின்ற அரைமணியில் மூன்று சுற்றுலாக் கூட்டம் கடந்து போனது. ஒவ்வொன்றும் அரை நிமிஷம், ஒரு போட்டோ. உங்கள் ரயில் கூட்டமும் அப்படித்தான் போகும். மதியச் சாப்பாடு காத்திருக்கும் அல்லவா?

நீங்கள் தேசிங்கை இழுத்ததால் சொல்கிறேன். தேசிங்கே வடக்கத்தி வம்சத்து ஆள்தான். தேஜ் சிங் என்ற புந்தேலா ராஜபுத்திரன். நம் நாக்கில் தேசிங்கு ஆனான். 1714இல் ஆற்காட்டு நவாபோடு போரிட்டு இளவயதில் செத்தான். அவன் மனைவியும் உடன்கட்டை ஏறினாள் என்றும், அவள் பெயரால்தான் ராணிப்பேட்டை என்றும் நம் தாத்தாக்கள் சொல்லிச் சொல்லி அழுத கதை. லோஹா போல் சுவரின் முன்னால் நின்றபோது எனக்கு ராஜஸ்தான் ஞாபகமே இல்லை. செஞ்சிதான். உறவு என்ன என்று கேட்டீர்களே, இதுதான் உறவு.

என் கருத்து இது. ரயிலுக்காகப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். ஊர்களுக்காக என்றால் அந்தக் காசில் பத்தில் ஒரு பங்கு போதும். சென்னையிலிருந்து ஜெய்ப்பூருக்கு நேரடி ரயில் உண்டு. ஏ.சி. பெட்டியில் லோயர் பெர்த் போடச் சொல்லுங்கள். ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர் என்று மூன்றே ஊர், ஊருக்கு மூன்று ராத்திரி. ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். சாயங்காலம் மஞ்சள் கல் சுவரில் வெயில் இறங்கும்போது, திண்ணையில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கும் கிழவியைப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. நாற்பது வருஷம் சமைத்த கைக்கு ஏழு நாள் யாரோ தட்டு வைத்து, யாரோ தட்டு எடுப்பது என்பது சின்ன விஷயம் இல்லை. மாடி எடுத்தால் அதையும் உங்கள் மனைவிதான் பெருக்க வேண்டும். அம்மாவிடம் செலவைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அவர் ரயில்தான் என்றால் ரயில்தான். மறுபேச்சு வேண்டாம்.

எதில் போனாலும் டிசம்பர், ஜனவரியில் போனால் ஸ்வெட்டர் அவசியம். புதுச்சேரிக்காரர்கள் வீட்டில் அது இருக்காது, மகனிடம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். கிளம்பும் முன் ஒரு சாயங்காலம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களை நிதானமாகப் பாருங்கள். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்கே போய், ராஜகிரி மலைக்கோட்டையில் எத்தனை படி ஏற முடிகிறது என்றும் பார்த்துவிடுங்கள். பாதியில் உட்கார்ந்துவிட்டாலும் பரவாயில்லை. மெஹ்ரான்கரில் லிஃப்ட் இருக்கிறது.

அன்புடன்,
கடலூரிலிருந்து