செங்கல் தரைக்கு மேலேயே மரத்தரை போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். பழைய செங்கல் தரையைப் பெயர்க்காமல், அதன் மேலேயே மரப்பலகை விரித்தால் செலவு மிச்சம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அதே கணக்குப் போட்டு நாங்கள் பணத்தை இழந்தோம்.

பெங்களூரு அல்சூரில் தாத்தா கட்டிய வீடு. கூடத்தில் மணல் பரப்பிச் செங்கல் பாவி, சந்துகளில் சுண்ணாம்புக் காரை அடைத்த தரை. குளிர்காலத்தில் அம்மாவால் வெறும் காலோடு நடக்க முடியவில்லை. அதனால் மார்ச் மாதம் 8 மி.மீ. லேமினேட் பலகை விரித்தோம். அழகாகத்தான் இருந்தது. ஆகஸ்டில் பலகைகள் சேரும் ஓரமெல்லாம் உப்பி எழும்பிவிட்டன. ஒன்றை நெம்பி எடுத்துப் பார்த்தால் அடியில் செங்கல் கறுத்து, ஒரே மக்கல் வாடை. நிலைப்படி ஓரமாகக் கரையான் மண் வேறு.

மேலே யாரும் தண்ணீர் கொட்டவில்லை. கீழிருந்து ஓதம் ஏறியிருக்கிறது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல் மண்ணின் ஈரத்தை இழுக்கும். தரை திறந்து கிடந்தவரை அந்த ஈரம் காற்றில் காய்ந்துகொண்டே இருந்தது. மூடியதும் பலகைக்குள் போய்விட்டது. லேமினேட்டின் உள்ளே இருப்பது அழுத்திய மரநார். ஒருமுறை ஊதினால் பழைய நிலைக்கு வராது.

அப்புறம்தான் ஒழுங்காகச் செய்தோம். செங்கல்லைப் பெயர்த்து, மண்ணை வெட்டி எடுத்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, கரையான் மருந்து அடித்தோம். அதன் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் தாள், அதற்கும் மேல் 4 அங்குலக் கான்கிரீட். பத்து நாளில் பலகை போட்டுவிடலாம் என்றார் மேஸ்திரி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அங்குலத்துக்கு ஒரு மாதமாவது காய வேண்டும். தீபாவளி முடிந்து போட்ட கான்கிரீட்டின் மேல் பங்குனியில்தான் பலகை விரித்தோம். இந்த முறை என்ஜினியர்டு வுட், அதாவது ஒட்டுப்பலகை அடுக்குகளின் மேல் அசல் மரத்தகடு ஒட்டிய பலகை. சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி விட்டு, சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைத்தோம். மூன்று மழைக்காலம் தாண்டியும் ஒரு பலகைகூட அசையவில்லை.

சமையலறைக்கு மட்டும் மரம் வேண்டாம். நாம் தண்ணீர் விட்டுக் கழுவிப் பழகியவர்கள், அங்கே டைல்ஸ்தான் சரி.

உங்கள் வீடு தரைத்தளம் என்றால் முதலில் இதைச் செய்யுங்கள். மழை நாளில் 2 அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் செங்கல் தரையில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். மறுநாள் எடுக்கும்போது தாளின் அடியில் நீர் முத்து முத்தாக நின்றால், பலகைக்காரருக்கு முன்பணம் கொடுக்காமல் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.