மணலில் கலந்த பிளாஸ்டிக் குருணையைப் பிரிக்க

கன்னியாகுமரிக் கரை மணலில் கலந்த பிளாஸ்டிக் குருணையை (பிளாஸ்டிக் பொருள்கள் செய்ய மூலப்பொருளாகும் சின்ன மணிகள்) சலித்தால் மணலும் சல்லடையில் நிற்கிறது, எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். சல்லடையை விட்டுவிட்டு வாளியில் மிதக்க விடுங்கள். பாதி வாளி கடல்நீரில் மேல்மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கினால் மணல் அடியில் தங்கிவிடும், குருணை மேலே வரும், டீ வடிகட்டியால் அள்ளிவிடலாம்.

நீங்கள் சொல்வதுபோல் சல்லடையில் மணலும் சேர்ந்தே நிற்பதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம், ஈர மணல் சல்லடைக் கண்ணை அடைத்துக்கொள்ளும்.

கன்னியாகுமரிக் கரை என்கிறீர்கள், 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் சரக்காக இருக்கலாம். நகத்தால் அழுத்திப் பாருங்கள்: நசுங்கினால் தெர்மாக்கோல், நசுங்காவிட்டால் குருணை.

ஒன்று, பாலிஎதிலீன் மிதக்கும், பிவிசி மாதிரி கனமான வகை மணலோடு மூழ்கிவிடும், அதற்கு இந்த முறை உதவாது. அப்புறம் கையுறை கட்டாயம். அடம்புக்கொடி படர்ந்த இடத்தைத் தயவுசெய்து தோண்ட வேண்டாம், மணலைப் பிடித்துவைத்திருப்பதே அதுதான்.