குல்மார்க்கா, ஔலியா?

கேள்வி: நாங்க ஈரோடு. நான், வீட்டுக்காரர், 12 வயசுப் பையன், 8 வயசுப் பொண்ணு, 67 வயசு மாமியார். யாருமே இதுவரைக்கும் பனியைக் கண்ணால பார்த்ததில்ல, பசங்களுக்கு ஸ்கீயிங் கத்துக்கணும்னு ரொம்ப ஆசை. பொங்கல் லீவோட சேர்த்து ஏழு நாள் கிடைக்கும். வீட்டுக்காரர் குல்மார்க்ங்கறார், மாமியார் ஔலி போனா ஜோஷிமட் பெருமாளையும் சேவிச்சுக்கலாமேங்கறாங்க. எங்க போலாம்? ஷூ, டிரஸ்லாம் இங்கேயே வாங்கிடணுமா? - ஈரோடு வாசகி

பதில்: குல்மார்க் போங்க. ஆனா பொங்கல் லீவுல போகாதீங்க, இதை முதல்லயே சொல்லிடறேன்.

காஷ்மீர்ல டிசம்பர் 21-லேர்ந்து 40 நாளை சில்லை கலான்னு சொல்வாங்க, கடுங்குளிர் காலம், நல்ல பனி அப்பத்தான் விழணும். ஆனா 2024 ஜனவரி முதல் பாதியில குல்மார்க்ல தரையே தெரிஞ்சுது, ஆசையா போனவங்க பழுப்புப் புல்லுல நின்னு போட்டோ எடுத்துட்டு வந்தாங்க. 2025 பிப்ரவரியில நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பனி பத்தாம மார்ச்சுக்குத் தள்ளி வச்சாங்க. அதனால எந்தத் தேதிக்கும் கேரண்டி கிடையாது, ஆனா ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் பாதின்னா வாய்ப்பு ஜாஸ்தி. உங்க பசங்க சின்ன கிளாஸ்தானே, நாலு நாள் ஸ்கூலுக்கு லீவு சொன்னா தப்பில்ல.

இப்ப ரெண்டு ஊருக்கும் இருக்கற பெரிய வித்தியாசம் பனி இல்ல, ரோடு. கோயம்புத்தூர்ல காலையில ஏறினா டெல்லி மாறி சாயங்காலம் ஸ்ரீநகர் போயிடலாம், அங்கேர்ந்து குல்மார்க் 50 கிலோமீட்டர் சொச்சம்தான், பனி கொட்டியிருந்தா வழியில தங்மார்க்ங்கற ஊர்ல வண்டி மாத்தி செயின் போட்ட ஜீப்ல ஏறணும், அவ்வளவுதான். ஔலி உத்தராகண்ட்ல இருக்கு, அதுக்கு டேராடூன் வரைக்கும் பிளைட், அப்புறம் ரிஷிகேஷ்லேர்ந்து ஜோஷிமட் 250 கிலோமீட்டர் மலை ரோடு, ஒம்பது பத்து மணி நேரம் வளைஞ்சு வளைஞ்சு போகணும். ஜோஷிமட்லேர்ந்து ஔலிக்கு நாலு கிலோமீட்டர் நீள ரோப்கார் ஒண்ணு இருந்துது, 2023 ஜனவரியில ஊர்ல வீடெல்லாம் விரிசல் விட்டப்ப அதை நிறுத்திட்டாங்க, அப்புறம் ரோட்டு வழியாத்தான் எல்லாரும் போனாங்க. போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள், ஏழுல மிச்சம் மூணு. எட்டு வயசுக் குழந்தையும் 67 வயசு அம்மாவும் அந்த ரோட்டுல களைச்சுப் போய் இறங்கினா முதல் நாள் ரூமை விட்டு வெளியவே வர மாட்டாங்க.

வீட்டுக்காரர் குல்மார்க்ங்கறது அங்க இருக்கற கோண்டோலாங்கற ரோப்காருக்காகத்தான்னு நினைக்கறேன். அது ரெண்டு கட்டம், முதல் கட்டம் கோங்டூரி, கிட்டத்தட்ட 3,050 மீட்டர், ரெண்டாவது அஃபர்வத் மலைத்தோள், 3,900 தாண்டும். ரெண்டாவது கட்டத்து ஸ்கீயிங் கத்துக்கறவங்களுக்கானது இல்லவே இல்ல. 2023 பிப்ரவரி 1-ம் தேதி அஃபர்வத்ல பனிச்சரிவுல சிக்கி போலந்துக்காரங்க ரெண்டு பேர் செத்துப்போனாங்க. உங்க அஞ்சு பேருக்கும் வேண்டியது கீழ ஊருக்குள்ளயே இருக்கற சின்னச் சரிவுதான், ஓட்டல்லேர்ந்து நடந்தே போயிடலாம், காலை ரெண்டு மணி நேரம், மத்தியானம் ரெண்டு மணி நேரம்னு மூணு நாள் விடாம கத்துக்கிட்டா உங்க பொண்ணு தானா திரும்பி தானா நிக்கும். அந்த சந்தோஷத்தை உங்க கண்ணால பார்க்கணும், அதுக்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கோண்டோலாவுல சுத்திப் பார்க்க முதல் கட்டம் வரைக்கும் போதும், டிக்கெட்டை ஆன்லைன்ல முன்னாடியே போட்டுடுங்க. குல்மார்க்கே நம்ம தொட்டபெட்டா சிகரத்து உயரத்துல இருக்கு, அதனால முதல் நாள் யாரும் ஓடியாட வேண்டாம். அம்மாவுக்கு பிபி, இருதயம் ஏதாவது இருந்தா டாக்டரைக் கேட்காம டிக்கெட் போடாதீங்க. ரூம் புக் பண்றப்ப ராத்திரி ஹீட்டிங் உண்டான்னு நேரடியா கேளுங்க. இன்னொண்ணு, வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீர்ல வேலை செய்யாது, வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது போஸ்ட்பெய்டு இருக்கணும். போறதுக்கு முன்னாடி பாதுகாப்பு நிலவரத்தையும் பார்த்துட்டே கிளம்புங்க.

ஸ்கீ, கம்பு, ஷூ எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், வாங்கவே வாங்காதீங்க. ஆனா ஷூ போட்டுப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்க. நான் முதல் தடவை போனப்ப ஒரு கடையில அவசரமா ஒரு சைஸ் பெருசா மாட்டிவிட்டாங்க, நானும் ரெண்டு சாக்ஸ் போட்டு சமாளிச்சேன், சாயங்காலம் கால் பெருவிரல் நகம் கறுத்துப்போச்சு, மறுநாள் பூரா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மத்தவங்க சறுக்கறதைப் பார்த்தேன், அழுகையே வந்துடுச்சு. நிமிர்ந்து நிக்கறப்ப விரல் நுனி முன்னாடி லேசா தொடணும், முட்டியை மடக்கினா விரல் பின்வாங்கணும், குதிகால் மேல தூக்கக் கூடாது. முழங்கால் வரைக்கும் வர்ற கம்பளி சாக்ஸ் ஒண்ணே ஒண்ணு போதும். ஈரோட்டுலேர்ந்து கொண்டு போக வேண்டியது உள்ள போட்டுக்கற தெர்மல் டிரஸ், சன்ஸ்கிரீன், நல்ல கூலிங் கிளாஸ். பனியில பட்டுத் திரும்பற வெயில் கண்ணை எரிச்சுடும். ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா காயாது.

மாமியார் ஆசையைத் தள்ளிடாதீங்க. ஜோஷிமட்தான் திருமங்கையாழ்வார் பாடின திருப்பிரிதின்னு பெரியவங்க சொல்வாங்க, அவங்க கேட்கறதுல எவ்வளவு ஏக்கம் இருக்கும்! மே மாசம் கோடை லீவுல பத்ரிநாத் நடை திறந்திருக்கும், அப்ப தேவப்பிரயாகை, ஜோஷிமட், பத்ரின்னு அவங்களுக்காகவே நிதானமா ஒரு பயணம் போங்க. ஸ்கீயிங்கோட சேர்த்தா சேவையும் அவசரமாயிடும், சறுக்கலும் அரைகுறையாயிடும்.

கேள்வி: நாங்க காலேஜ் பசங்க மூணு பேர், பதினைஞ்சு நாள் இருக்கு, காசுதான் கம்மி. எங்களுக்கும் குல்மார்க்தானா? - மதுரை வாசகர்

பதில்: உங்களுக்கு ஔலி! கட்வால் மண்டல் விகாஸ் நிகம்னு அரசு நிறுவனம் அங்க 7 நாள், 14 நாள் ஸ்கீயிங் கோர்ஸ் நடத்துறாங்க, இந்த வருஷத் தேதியைக் கேட்டு 7 நாள் கோர்ஸ்ல சேருங்க. எதிர்ல 7,816 மீட்டர் நந்தாதேவி நிக்கும், காலையில முதல் வெயில் அதுமேல விழறதைத் தூங்கித் தவற விட்டுடாதீங்க. பஸ்லயே போய் வரலாம், திரும்பறப்ப மட்டும் ஜோஷிமட்ல கிளம்பற நாளுக்கும் டிரெயின் ஏறற நாளுக்கும் நடுவுல ஒரு முழு நாள் விட்டு வைங்க, வழியில எங்கயாவது மண்சரிஞ்சா அந்த ஒரு நாள்தான் டிரெயினைக் காப்பாத்தும்.