பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிச் செலவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களில் பிஹெச்.டி. இடம் கிடைத்திருக்கிறது. ஆராய்ச்சிச் செலவுப் பட்டியலில் ஒன்று மிக மேலே, இன்னொன்று வெகு கீழே. மேலே இருப்பதில்தானே சேர்க்க வேண்டும்?
(வாசகர், மதுரை)

பதில்: அந்தப் பட்டியலை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் பார்த்தது அநேகமாக ‘ஹெர்ட்’ சர்வேயிலிருந்து வந்ததாக இருக்கும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (என்.எஸ்.எஃப்.) கீழ் இருக்கும் புள்ளியியல் மையம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கு அது. 1972 முதல் வேறு பெயரில் நடந்துவந்தது, 2010 நிதியாண்டிலிருந்து விரிவாக்கப்பட்டு இந்தப் பெயரில் வருகிறது. 2023 நிதியாண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சிக்குச் செலவழித்தது சுமார் 10,900 கோடி டாலர் என்று இந்தக் கணக்கு சொல்கிறது, அதில் பாதிக்கும் சற்று மேல் மத்திய அரசின் பணம்.

முதலிடத்தில் வழக்கம்போல ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சுமார் 380 கோடி டாலர். ஆனால் அதில் பெரும் பங்கு மேரிலாந்தில் இருக்கும் அதன் அப்ளைடு ஃபிசிக்ஸ் லேபரட்டரியில் செலவாவது, அதாவது பாதுகாப்புத் துறைக்கும் நாசாவுக்கும் செய்யும் வேலை. சரி, நாசாவுக்காக ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியை நடத்தும் கால்டெக்கின் கணக்கில் அந்த லேப் வருகிறதா என்றால், வருவதில்லை. அது மத்திய அரசு நிதியில் நடக்கும் தனிவகை மையம், அவற்றுக்கென்று தனி சர்வே உண்டு. பிரின்ஸ்டனுக்கு மருத்துவக் கல்லூரி கிடையாது, அதனால் அது பட்டியலில் கீழே போய்விடும். சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பே கிடையாது, முழுக்க மருத்துவமும் உயிரறிவியலும்தான், அது உச்சியில் நிற்கிறது. உங்கள் மகள் கணிதமோ வேதியியலோ படிக்கப் போகிறாள் என்றால் பக்கத்துக் கட்டடத்தில் நடக்கும் புற்றுநோய் மருந்துப் பரிசோதனைக்கு எவ்வளவு செலவானது என்பது அவளுக்கு எதற்கு?

அதே சர்வேயில் துறைவாரி அட்டவணைகள் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, எந்தப் பேராசிரியரிடம் சேரப் போகிறாளோ அவரிடம் நேராகவே கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் கிராண்ட் (ஆராய்ச்சிக்கு வெளியிலிருந்து வரும் நிதி) இன்னும் எத்தனை வருடம் ஓடும், அது முடிந்தால் என் ஸ்டைபண்டை (மாணவர் உதவித்தொகையை) யார் தருவார்கள், டிபார்ட்மென்ட் உத்தரவாதம் தருமா? இதைக் கேட்பதில் தயங்கவே கூடாது. அங்கே எல்லோரும் கேட்கும் கேள்விதான்.

கேள்வி: பல்கலைக்கழகங்கள் தாங்களே சொல்லும் தொகையைத்தான் அப்படியே வெளியிடுகிறார்களா? யாரும் சரிபார்ப்பதில்லையா?
(பி.காம். மாணவி, காரைக்குடி)

பதில்: ஆமாம், தாங்களே சொல்வதுதான். பதில் அளிப்பதும் கட்டாயம் இல்லை, ஆனாலும் மிகப் பெரும்பாலானவை பதில் தருகின்றன. போன வருடத்தோடு ஒப்பிட்டு எங்காவது பெரிய ஏற்றத்தாழ்வு தெரிந்தால் மையம் திரும்பக் கேட்கும். மத்திய அரசின் கிராண்ட் பணத்துக்குத் தனியாக ஆடிட் இருப்பதால் அந்தப் பகுதி பெரும்பாலும் உறுதியானது.

கவனிக்க வேண்டியது ‘பல்கலைக்கழகத்தின் சொந்த நிதி’ என்ற வரி. மொத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அதுதான். தன் பணத்தில் எது ஆராய்ச்சி, எது கற்பித்தல் என்று பிரித்து எழுதுவது அந்தந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. ஒன்று கறாராக எழுதும், இன்னொன்று தாராளமாக எழுதும். இதில் இப்போது ஒரு புது அழுத்தமும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களைத் தரம் பிரிக்கும் கார்னகி வகைப்பாடு, 2025 முதல் ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஆராய்ச்சிச் செலவும் 70 முனைவர் பட்டங்களும் இருந்தால் ‘ஆர்1’ என்ற மேல்தட்டில் சேர்த்துவிடுகிறது. எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு, இதுவரை எழுதாமல் விட்ட செலவுகளைத் தேடிப் பிடித்து எழுத நல்ல காரணம் கிடைத்துவிட்டது. அது பொய்க்கணக்கு என்று நான் சொல்லவில்லை, விட்டுப்போனதைச் சேர்ப்பது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் அப்படி எண் ஏறினால் ஆராய்ச்சியும் அதே அளவு ஏறியது என்று நினைத்துவிடக் கூடாது.

அப்புறம், ஒரு பல்கலைக்கழகம் தன் கிராண்டில் ஒரு பகுதியை இன்னொன்றுக்குக் கொடுத்து வேலை வாங்கினால் அந்தத் தொகை இரண்டின் கணக்கிலும் வரும். அதனால்தான் கொடுத்ததையும் வாங்கியதையும் படிவத்தில் தனியாகக் கேட்கிறார்கள்.

கேள்வி: புதிய ஆராய்ச்சிக் கட்டடம் கட்டினால் அதுவும் இதில் சேருமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: சேராது. கருவிகள் வாங்கினால் சேரும், கட்டடம் கட்டுவது சேராது.

கேள்வி: கிராண்டில் பாதியைப் பல்கலைக்கழகமே ஓவர்ஹெட் (பொதுச் செலவுக்கான தொகை) என்று எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்களே, இது கொள்ளை இல்லையா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: பாதி இல்லை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓவர்ஹெட் விகிதம் 50 சதவீதம் என்றால் ஆராய்ச்சிக்கு நேரடியாக ஆகும் ஒவ்வொரு 100 டாலருக்கும் மேலே 50 டாலர். மொத்தம் 150, அதில் 50, ஆக மூன்றில் ஒரு பங்கு. பெரிய கருவிகளின் விலை போன்றவற்றுக்கு ஓவர்ஹெட் போட முடியாது என்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். மின்சாரம், லேப் பராமரிப்பு, கெமிக்கல் கழிவை அகற்றுவது, நூலகம், கணக்கு எழுதுபவர்களின் சம்பளம் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். நிர்வாகச் செலவுக்கு மட்டும் 26 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்ற வரம்பு 1991 முதல் இருக்கிறது.

2025 பிப்ரவரியில் தேசிய சுகாதார நிறுவனம் (என்.ஐ.ஹெச்.) எல்லோருக்கும் இனி 15 சதவீதம்தான் என்று அறிவித்தது, நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் எண்களை வீசினார்கள். உங்களைப் போன்ற வாசகர்கள் ஹெர்ட் சர்வேயில் ஓவர்ஹெட் பகுதியைப் பார்த்தால் போதும். திரும்பக் கிடைத்த ஓவர்ஹெட் எவ்வளவு, கிடைக்காமல் பல்கலைக்கழகமே கைப்பணம் போட்டது எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது வரி வெறுமையாக இல்லை, பெரிய தொகை. கொள்ளை என்று சொல்வதற்கு முன் அதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: பேனாவும் பேப்பரும் வைத்து வேலை செய்யும் ஒரு தத்துவப் பேராசிரியரின் ஆராய்ச்சி இதில் எங்கே வரும்?
(கல்லூரி ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் வராது, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆராய்ச்சி என்று தனியாகக் கணக்கு வைத்த செலவு மட்டும்தான் அமெரிக்கக் கணக்கில் ஏறும். சம்பளத்துக்குள்ளேயே அடங்கிவிடும் ஆராய்ச்சி நேரம் கண்ணில் படாது. பிரிட்டனில் ‘டிராக்’ என்ற முறையில், ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் பாடம் நடத்துகிறார்கள், எவ்வளவு நேரம் ஆராய்கிறார்கள் என்று கேட்டு, அதன்படி சம்பளத்தைப் பிரிக்கிறார்கள். அது ஒன்றும் துல்லியமான முறை இல்லைதான், இருந்தாலும் மொழி, வரலாறு, கணிதம் செய்பவர்களை அது இல்லாதவர்களாக ஆக்கிவிடுவதில்லை. இரண்டு நாட்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: இந்தியாவில் இப்படி ஒரு சர்வே இருக்கிறதா?
(ஆராய்ச்சி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்துகிறது. 2020-21இல் நாடு முழுக்க ஆராய்ச்சிச் செலவு 1,27,381 கோடி ரூபாய், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அதில் உயர்கல்வித் துறையின் பங்கு 8.8 சதவீதம், பெருக்கினால் சுமார் 11,200 கோடி ரூபாய். அமெரிக்காவிலும் பல்கலைக்கழகங்களின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான், ஆக பங்கில் பெரிய வித்தியாசம் இல்லை. மொத்தத் தொகைதான் நம்மிடம் மிகச் சிறியது. மேலே சொன்ன ஜான்ஸ் ஹாப்கின்ஸின் 380 கோடி டாலரை ரூபாயாக மாற்றினால் 30,000 கோடியைத் தாண்டும். ஆண்டு வேறு, விலைவாசி வேறு, இங்கே ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறும் ஒரு மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய்தான், அதனால் நேரடியாக ஒப்பிடக் கூடாது. இதையெல்லாம் கழித்தாலும் இடைவெளி பெரியதுதான்.

உங்கள் பல்கலைக்கழகத்தின் கணக்கு வேண்டுமென்றால் மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காக அது கொடுத்த படிவத்தைத் தேடுங்கள், நிறுவனத்தின் தளத்திலேயே இருக்கும். எத்தனை புராஜெக்ட், எத்தனை அமைப்புகள் நிதி தந்தன, எவ்வளவு ரூபாய் வந்தது என்று மூன்று வருட விவரம் அதில் கிடைக்கும். ஆனால் அது வந்த பணம். செலவான பணம் இல்லை, ஓவர்ஹெட் எவ்வளவு என்பதும் இல்லை, எந்தத் துறைக்கு எவ்வளவு போனது என்பதும் இல்லை. மார்ச் மாதக் கடைசியில் ஃபண்ட் வந்து, முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவு செய்து பயன்பாட்டுச் சான்றிதழ் கொடு என்று விரட்டப்பட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். வந்தது எந்த மாதம், செலவானது எந்த மாதம் என்று அந்தப் படிவத்தில் இரண்டே இரண்டு பத்திகள் கூடுதலாகக் கேட்டால் அது நாடு முழுக்கத் தெரிந்துவிடும். உங்கள் ஆராய்ச்சி மாணவர் சங்கத்தின் மூலம் இந்தக் கோரிக்கையை எழுதி அனுப்புங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.