மரத்தவளை: கேட்டதும் சொன்னதும்

மழை தொடங்கியதும் மரத்தவளைக் கேள்விகள் வரிசையாக வருகின்றன. தெரிந்த வரை சொல்கிறேன்.

அஞ்செட்டி: ஐயா, ஓடைப் பக்கம் தேங்கின குட்டைக்கு மேலே, கிளையில் சோப்பு நுரை மாதிரி தொங்குது. யாராவது மருந்து கொட்டியிருப்பாங்களா?

பதில்: மருந்து இல்லை, தவளைக் கூடு. பெண் தவளை ஒரு திரவத்தைச் சுரந்து, பின்னங்காலால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். வெளிப்பக்கம் காய்ந்து தோல் கட்டும், உள்ளே ஈரம் காயாது. தண்ணீருக்குள் கிடக்கும் முட்டையை மீனும் பூச்சிகளும் விட்டுவைக்காதே! சில நாளில் முட்டை பொரிந்து, நுரை இளகி, தலைப்பிரட்டைகள் நேரே குட்டையில் விழும். அதற்குத்தான் தேங்கிய தண்ணீருக்கு மேலே இடம் பார்க்கிறது. கிளையை வெட்டாதீர்கள், குட்டையையும் இறைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே ஒடிந்திருந்தால், அதே குட்டைக்கு நேர் மேலே அந்தக் கிளையைக் கட்டிவிடுங்கள்.

பென்னாகரம்: சார், பச்சை உடம்பு, சிவப்புச் சவ்வோட பறக்கிற தவளை ஒகேனக்கல்ல இருக்கா?

பதில்: அங்கே தேடி அலைய வேண்டாம். அது மலபார் பறக்கும் தவளை, மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர். பறப்பதும் இல்லை, விரலிடைச் சவ்வை விரித்துச் சறுக்கி இறங்கும். நம் காடு வறண்டது. இங்கே வழக்கமாகக் கண்ணில் படுவது பழுப்பு மரத்தவளைதான். பெண் 7, 8 செ.மீ. வரை வளரும், ஆண் சிறியது. தொடையின் பின்பக்கம் மஞ்சள் புள்ளிகள் இருக்கிறதா பாருங்கள்.

பாலக்கோடு: பாத்ரூம் டைல்ஸ்ல எப்படி வழுக்காம நிக்குது?

பதில்: விரல் நுனி வட்டத்தில் நுண்ணிய அறுகோணக் கட்டங்கள், நடுவே வாய்க்கால்கள். அதில் ஓடும் மெல்லிய ஈரப்படலம்தான் பிடிமானம். வெயில் காலத்தில் ஈரம் தேடித்தான் வீட்டுக்குள் வருகிறது. பினாயிலோ உப்போ போடாதீர்கள், அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். ஈரக்கையால் எடுத்து வெளியே செடியில் விடுங்கள்.

காவேரிப்பட்டணம்: அண்ணே, தேரை விழுந்து எங்க தோப்புல தேங்காய் பருப்பே இல்லாம வருது.

பதில்: மூடின காய்க்குள் தவளை எந்த வழியாகப் போகும்? ஒல்லிக்காய்க்கு மகரந்தம் சரியாகச் சேராததும், பொட்டாஷ், போரான் குறைவும் காரணமாக இருக்கும். உரக்கடையில் தீர்க்க வேண்டிய வழக்கில் தவளையைக் குற்றவாளி ஆக்காதீர்கள்! மண் பரிசோதனை செய்துவிட்டு உரம் வையுங்கள்.

அரூர்: தொட்டா விஷமா?

பதில்: இல்லை. தொட்ட பிறகு கை கழுவினால் போதும்.