விசுவாசித்தால் மட்டும் போதுமா, நற்கிரியையும் செய்தால்தான் இரட்சிப்பா?

உங்களிடம் ஒருவர் ரோமர் 3:28-ஐயும் இன்னொருவர் யாக்கோபு 2:24-ஐயும் நீட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முன்னது, நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது. பின்னது, விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்கிறது. இரண்டையும் வெட்டியெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நேரடி மோதல்தான். மழுப்பத் தேவையில்லை.

ஆனால் ரோமரை எழுதிய பவுலும் யாக்கோபும் சாட்சிக்குக் கூப்பிடுவது ஒரே ஆளை, ஆபிரகாமை. கூப்பிடும் காலம்தான் வேறு. ஆதியாகமம் 15:6-இல் அவர் கர்த்தரை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. அப்போது இஸ்மவேல்கூடப் பிறக்கவில்லை. இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 86 (16:16). நுனித்தோலை நீக்கும் உடன்படிக்கை அடையாளமான விருத்தசேதனம் பெற்றபோது 99 (17:24). நடுவில் குறைந்தது 13 வருடம். ரோமர் 4:10-இல் பவுல் பிடித்துக்கொள்வது இந்த இடைவெளியைத்தான். நீதிமானாக எண்ணப்பட்ட பிறகுதானே விருத்தசேதனம் வந்தது, அப்படியிருக்கப் புறஜாதியாருக்கு அதை எப்படி நுழைவு நிபந்தனையாக்குவது? (பவுல் தள்ளுவது விருத்தசேதனம் போன்றவற்றை மட்டும்தானா, எல்லாச் செயலையுமா என்று அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. 4:4-இல் கூலியைப் பற்றி அவர் பேசுவதைப் பார்த்தால் இரண்டாவதும் அடங்கும் என்பதே என் வாசிப்பு.)

யாக்கோபு திறப்பது ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தை. ஆபிரகாமுக்கு 100 வயதில் பிறந்த ஈசாக்கு, விறகு சுமக்கும் அளவுக்கு வளர்ந்தபின் பலிபீடத்தில் கிடத்தப்படுகிறான். அங்கே ஆதியாகமம் 15:6 நிறைவேறிற்று என்கிறார் யாக்கோபு (2:23). அதாவது பவுலின் அதே வசனத்தை அவரும் எடுக்கிறார், மறுக்கவில்லை. அவர் திட்டுவது வேறு ஆளை: உடுக்கத் துணியும் அன்றாட ஆகாரமும் இல்லாத சகோதரனிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் அனுப்பிவிட்டு எதையும் கொடுக்காதவனை. அவன் விசுவாசம் செத்தது. தேவன் ஒருவர் என்பதைப் பிசாசுகளும் விசுவாசிக்கின்றன, நடுங்கவும் செய்கின்றன (2:19).

ஆக, வரிசைதான் முக்கியம். கிருபை முதலில், அதை விசுவாசம் வாங்கிக்கொள்கிறது, கிரியை அதிலிருந்து வருகிறது. எபேசியர் 2:8-10 இதே வரிசையில்தான் போகிறது. 8-ஐயும் 9-ஐயும் அழகான எழுத்தில் படமாக்கிப் பகிர்பவர்கள், "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு" என்று வரும் 10-ஐ மட்டும் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் எரிச்சல். பயத்தோடும் நடுக்கத்தோடும் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்னும் பிலிப்பியர் 2:12-ஐ மட்டும் சொல்லி ஆட்களைப் பயமுறுத்துகிறவர்கள், தேவனே உங்களில் செயல்படுகிறார் என்னும் 13-க்குப் போவதில்லை என்பதும் அதே ரகம்.

"கத்தோலிக்கர் கிரியையால் இரட்சிப்பு என்கிறார்களே" என்று கீழே யாராவது வருவார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547-இல் வெளியிட்ட தீர்மானத்தின் முதல் விதியே, கிறிஸ்துவின் கிருபை இல்லாமல் தன் செயல்களால் ஒருவன் நீதிமானாகலாம் என்பவனைச் சபிக்கிறது. லூத்தரன்களின் 1530 அவுக்ஸ்புர்க் அறிக்கையின் 6-ஆம் பிரிவோ, விசுவாசம் நல்ல கனிகளைக் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று அதே அவுக்ஸ்புர்க் நகரில் இரு தரப்பும், நீதிமானாக்கப்படுவதைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. வேறுபாடு அத்தனையும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நற்செயலுக்குப் பலன் சேருமா என்பதில் இன்னும் இழுபறிதான்.

எவ்வளவு செய்தால் போதும் என்பது அடுத்த கேள்வியாக இருந்தால், அதற்கு அளவு கிடையாது. சிலுவையில் தொங்கிய கள்வனுக்குச் சில மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் தன் குற்றத்தை ஒத்துக்கொண்டு, பக்கத்தில் தூஷித்தவனையும் கடிந்துகொண்டான் (லூக்கா 23:40-41). மத்தேயு 25-இல் நியாயத்தீர்ப்பின்போது வலதுபக்கம் நிற்பவர்களோ, பசித்த எனக்குப் போஜனம் கொடுத்தீர்கள் என்று ராஜா சொல்லும்போது, தாங்கள் செய்தது எது என்றே தெரியாமல் "எப்பொழுது?" என்று கேட்கிறார்கள்.