காந்தி ஏன் காணாமல் போனார்?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ (1967) எல்.பி. ரெக்கார்டின் அட்டையைச் சென்ற இதழில் போட்டாலும் போட்டோம், கேள்விகள் குவிந்துவிட்டன. அந்தப் படத்தில் பட்டுச் சீருடையில் நிற்கும் நால்வருக்குப் பின்னால் நடிகர்கள், எழுத்தாளர்கள், சாமியார்கள் என்று ஒரு பெருங்கூட்டம் நிற்கும். முன்னால் பூப்பாத்தி, நடுவில் பெரிய டிரம். அதைப் பற்றி மட்டுமே இந்த வாரம்.

ஃபோட்டோஷாப் இல்லாத காலத்தில் இத்தனை தலைகளை எப்படி ஒட்டினார்கள்? கத்தரித்து ஒட்டிய கொலாஜ்தானே? (கோவை வாசகர்)

ஒட்டவில்லை, கட்டினார்கள். பலரும் தவறுவது இங்கேதான். அது ஒரு செட். லண்டன் செல்சியில் ஃபிளட் தெருவில் இருந்த ஸ்டுடியோவில், ஓவியர் பீட்டர் பிளேக்கும் அப்போது அவர் மனைவியாக இருந்த கலைஞர் ஜேன் ஹாவொர்த்தும் சுமார் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுப்பியது. 1967 மார்ச் 30 அன்று பீட்டில்ஸ் வந்து அதன் நடுவில் நின்றார்கள், மைக்கேல் கூப்பர் படம் எடுத்தார்.

ஒவ்வொருவர் புகைப்படத்தையும் ஆள் அளவுக்குப் பெரிதாக்கி, ஹார்ட்போர்டில் ஒட்டி, ஓரம் அறுத்தார்கள். பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றுக்கு ஹாவொர்த் கையாலேயே வண்ணம் தீட்டினார். கன்னத்துச் சிவப்பில் ஒரு மெழுகுத்தன்மை தெரிகிறதே, அது அந்தத் தூரிகையின் வேலை. மேல் வரிசையைப் பின்சுவரில் பொருத்திவிட்டு, அடுத்த வரிசையை அதற்குச் சுமார் ஆறு அங்குலம் முன்னால் நிறுத்தினார்கள். படிக்கட்டுபோல் தோன்றும் ஆழம் அந்த ஆறு அங்குலத்தில் வந்தது.

இடப்பக்கம் கறுப்பு சூட்டில் சோகமாக நிற்கும் இன்னொரு பீட்டில்ஸ் நால்வரும் மேடம் டுஸ்ஸாட்ஸ் காட்சியகத்திலிருந்து இரவல் வாங்கிய மெழுகுச் சிலைகள். குத்துச்சண்டை வீரர் சன்னி லிஸ்டனும் அப்படியே. வலது ஓரத்தில் ‘ரோலிங் ஸ்டோன்ஸை வரவேற்கிறோம்’ என்று எழுதிய ஸ்வெட்டர் போட்ட பொம்மை ஹாவொர்த் துணியில் தைத்தது. டிரம்மின் முகப்பு எழுத்து திருவிழாச் சந்தைகளுக்கு வண்ணம் தீட்டும் ஜோ எஃப்கிரேவின் கைவண்ணம். அந்த முகப்புத் தோல் 2008-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 5,41,250 பவுண்டுக்குப் போனது.

பட்டியலை யார் போட்டது? (நாகர்கோவில் வாசகி)

பீட்டில்ஸ் நால்வரில் ஜான், பால், ஜார்ஜ் மூவரும் பெயர் கொடுத்தார்கள். பிளேக்கும் ஹாவொர்த்தும், கலைக்கூடம் நடத்திய ராபர்ட் ஃபிரேசரும் தங்கள் பங்குக்குச் சேர்த்தார்கள். நான்காமவர் ரிங்கோ, மற்றவர்கள் சொன்னதே போதும் என்று விட்டுவிட்டார். சமர்த்து.

காந்தியின் படமும் அதில் இருந்ததாமே? (மதுரை வாசகர்)

இருந்தது. வலப்பக்கம் அவர் கட்டவுட் நிற்பதை அன்று எடுத்த வேறு படங்களில் இன்றும் பார்க்கலாம். காந்தியை நீக்கச் சொன்னவர், பீட்டில்ஸ் ரெக்கார்டுகளை வெளியிட்ட இ.எம்.ஐ. நிறுவனத்தின் தலைவர் சர் ஜோசப் லாக்வுட். கொள்கைத் தகராறு ஒன்றுமில்லை, வியாபாரக் கணக்கு. நம் தாத்தா வீட்டு ஹெச்.எம்.வி. நாய் படம் போட்ட ரெக்கார்டுகளை அச்சடித்த கல்கத்தா டம்டம் தொழிற்சாலை இ.எம்.ஐ.யின் இந்தியக் கிளைதான். ராக் பாடகர்கள் கூட்டத்தில், நடிகைகள் பக்கத்தில் தேசப்பிதா நின்றால் இந்தியாவில் மனம் புண்படும், விற்பனை கெடும் என்று அவர் பயந்தார். காந்தியை நீக்கிவிட்டு, அந்த இடத்தை மரத்தின் இலைகளால் மூடினார்கள்.

உயிரோடு இருந்த ஒவ்வொருவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பதும் லாக்வுட் போட்ட நிபந்தனை. நடிகர் லியோ கோர்சி 400 டாலர் கேட்டார். அவரைப் பூசி மறைத்துவிட்டார்கள். அவருடைய ஜோடி நடிகர் ஹண்ட்ஸ் ஹால் காசு கேட்காததால் இன்னும் நிற்கிறார். நடிகை மே வெஸ்ட், ‘தனிமையில் தவிப்பவர்கள் சங்கத்தில் எனக்கு என்ன வேலை?’ என்று முதலில் மறுத்தார். பீட்டில்ஸ் கடிதம் எழுதிக் கெஞ்சிய பிறகு இறங்கி வந்தார். ஜான் லெனன் கேட்ட ஹிட்லருக்கும் கட்டவுட் தயாராகி, கடைசியில் படத்தில் தெரியாமலே போனது. இயேசுவையும் கேட்டார். 1966-ல் ‘நாங்கள் இயேசுவைவிடப் பிரபலம்’ என்று சொல்லி அமெரிக்காவில் வாங்கிக் கட்டிக்கொண்ட சூடு ஆறாததால் அது நடக்கவில்லை.

மிச்சமிருக்கும் இந்தியர்கள் யார் யார்? (தஞ்சை வாசகர்)

நால்வர், எல்லோரும் யோகிகள், ஜார்ஜ் ஹாரிசன் கொடுத்த பெயர்கள். மேல் வரிசை இடது ஓரத்தில் ஸ்ரீ யுக்தேஸ்வர் கிரி. இரண்டாம் வரிசையில் மகாவதார் பாபாஜி, அதே வரிசை வலது பக்கம் பரமஹம்ச யோகானந்தர். மூன்றாம் வரிசை வலப்பக்கம் லாஹிரி மஹாசயர். பாபாஜிக்குப் புகைப்படம் கிடையாது, ஆகவே அங்கே இருப்பது ஓவியம். ரஜினிகாந்தின் 2002-ஆம் ஆண்டுப் படத்தால் அந்த முகம் நம் ஊர் ஆட்டோவில்கூட ஏறிவிட்டது. பல தமிழ் ரசிகர்களுக்கு அட்டையில் முதலில் அடையாளம் தெரிவது மர்லின் மன்றோவா பாபாஜியா என்பது பந்தயம் கட்டவேண்டிய விஷயம்.

இன்னொருவரை விட்டுவிடாதீர்கள். முன்னால் பூக்களுக்கு நடுவே நான்கு கையோடு ஒரு சிறு பொம்மை இருக்கிறது. லட்சுமி!

டிரம்மில் கண்ணாடி வைத்தால் பால் மெக்கார்ட்னி செத்த தேதி தெரியுமாம். உண்மையா? (சேலம் வாசகர்)

தெரிவது உண்மை, செத்தது பொய். செய்து பாருங்கள். ‘லோன்லி ஹார்ட்ஸ்’ என்ற ஆங்கில எழுத்துகளின் சரியாக நடு உயரத்தில், படத்துக்குச் செங்குத்தாக, ஒரு சட்டமில்லாத கண்ணாடியைப் படுக்கைவாக்கில் நிறுத்துங்கள். பளபளப்புப் பக்கம் மேலே பார்க்க வேண்டும். எழுத்தின் மேல்பாதியும் அதன் பிம்பமும் சேர்ந்து புது எழுத்தாகும்: எல் என்ற எழுத்தின் மேல்பாதி வெறும் கோடு, ஆகவே ‘1’. ஒய்யின் மேல்பாதி இரட்டித்தால் எக்ஸ். ஏ-யின் கூம்பு இரட்டித்தால் டைமண்ட். இப்படியே வரிசையாக ‘1, ஒன், 1, எக்ஸ், ஹீ, டை’. முதல் 1-ஐயும் ‘ஒன்’னையும் சேர்த்து 11 ஆக்கி, அடுத்த 1-ஐயும் எக்ஸையும் சேர்த்து ரோமன் ஒன்பது (IX) ஆக்கி, ‘11-ஆம் மாதம் 9, அவன் செத்தான்’ என்று 1969-ல் கிளம்பிய வதந்திக்காரர்கள் படித்தார்கள். டைமண்டின் முனை பாலைக் காட்டுவதாம்.

கண்ணாடியை ஒரு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கினாலே ஒன்றும் வராது. எந்த எழுத்தையும் பாதியாக மடித்தால் ஏதாவது ஒரு வடிவம் கிடைக்கத்தான் செய்யும். பாலின் கைப்பட்டையில் ‘இறந்தவர் என அறிவிக்கப்பட்டவர்’ என்பதன் சுருக்கமாக ஓ.பி.டி. என்று எழுதியிருப்பதாகச் சொன்னதும் கண் கோளாறுதான். அது ஓ.பி.பி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் போலீஸ் பட்டை.

இதற்கெல்லாம் என்ன செலவு? (ஈரோடு வாசகர்)

கிட்டத்தட்ட 3,000 பவுண்டு. அப்போது ஓர் அட்டைக்கு 50 பவுண்டு போதும். பிளேக்குக்குக் கிடைத்தது 200, விற்பனையில் பங்கு கிடையாது. அட்டைக்கான கிராமி விருது மட்டும் 1968-ல் இருவர் பெயரிலும் வந்தது. ஆனாலும் ‘பிளேக்கின் அட்டை’ என்றே எழுதும் பழக்கம் போகவில்லை. பாதி உழைப்பு ஹாவொர்த்தினுடையது.

கல்லூரி விழாவுக்கு இதேபோல் செட் போட்டு குரூப் போட்டோ எடுக்க ஆசை. எங்கே சொதப்பும்? (திருச்சி மாணவி)

நான்கு இடத்தில். முதலாவது, படத்தின் தரம். தோள்வரை 24 அங்குல அகலம் வேண்டுமென்றால் மூலப் படம் 2,400 பிக்சலாவது அகலம் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் கட்டம் கட்டமாக உடையும். வேறு வழியில்லை என்றால் கறுப்பு வெள்ளையாக்கி, மேட் தாளில் அச்சடித்து, ஹாவொர்த் செய்ததுபோல் கையால் லேசாக வண்ணம் ஏற்றுங்கள், குறை மறையும். பளபளக்கும் கிளாஸி தாள் வேண்டாம், விளக்கு அதில் பட்டு வெள்ளையாக அடிக்கும்.

இரண்டாவது, வளைவு. ஹார்ட்போர்டில் ஒரு பக்கம் மட்டும் பசை தடவி ஒட்டினால் காய்ந்ததும் பலகை வில்லாக வளையும். பின்பக்கமும் ஒரு பழுப்புத் தாள் ஒட்டி, கனம் வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். 5 மி.மீ. சன்போர்டு (லேசான நுரைப் பலகை) அறுக்கச் சுலபம், ஆனால் மின்விசிறிக் காற்றில் ஆடும். முதுகில் மரச்சட்டம் தேவை.

மூன்றாவது, நிழல். வரிசைகளுக்கு நடுவே அரை அடியாவது விடாவிட்டால் முன்னவர் நிழல் பின்னவர் மூக்கில் கறுப்பாக விழும். நான்காவது, கேமரா. செல்போனின் அகல லென்ஸில் கிட்டப்போய் எடுத்தால் முன்வரிசை பூசணிக்காய், பின்வரிசை சுண்டைக்காய். தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்.

பழைய ரெக்கார்டு கடையில் ‘1967 ஒரிஜினல்’ என்கிறார்கள். எப்படி நம்புவது? (பெங்களூரு வாசகர்)

பிரிட்டிஷ் பதிப்பென்றால் எண் மோனோவுக்கு பி.எம்.சி. 7027, ஸ்டீரியோவுக்கு பி.சி.எஸ். 7027. ரெக்கார்டு நடுவில் ஒட்டிய லேபிள், கறுப்பில் மஞ்சளாக ‘பார்லோஃபோன்’ (இ.எம்.ஐ.யின் ரெக்கார்டு பிராண்ட்) என்ற எழுத்தோடு இருக்க வேண்டும். வெள்ளி எழுத்தும் இ.எம்.ஐ. பெட்டி முத்திரையும் இருந்தால் பிற்காலத்து மறுபதிப்பு. அட்டை புத்தகம்போல் விரியும், பின்புறம் பாடல் வரிகள். உள்ளே ‘தி ஃபூல்’ குழு வரைந்த சிவப்பு அலை உறையும், மீசை, பட்டை, பேட்ஜ் எல்லாம் வெட்டியெடுக்கும் அட்டையும் இருக்கும். மீசையை யாரும் வெட்டாமல் இருந்தால் விலை ஏறும். அட்டை அசலாக இருந்து உள்ளே வேறு ரெக்கார்டு இருக்கும் கதையும் உண்டு, இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

அட்டையில் வட்டமாகத் தேய்மானம், பூஞ்சை வேறு. என்ன செய்யலாம்? (சென்னை வாசகி)

வட்டம் போகாது, ரெக்கார்டின் விளிம்பு அழுத்தி வந்தது அது. இனியாவது வராமலிருக்க ரெக்கார்டை வெளியே எடுத்து, தனி வெள்ளை உறையில் போட்டு, அட்டைக்குப் பின்னால் வையுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு பாலிப்ரொப்பிலீன் உறைக்குள் நுழைத்துவிடலாம். பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் ரெக்கார்டு மேலேயே மங்கல் படியவைக்கும். படுக்கவைத்து அடுக்காதீர்கள், நேராக நிறுத்துங்கள்.

பூஞ்சையை ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் பரவும். விசிறிக் காற்றில் நன்றாகக் காயவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான பிரஷால் தட்டுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்து, சுவரொட்டிபோல் நீலம் மட்டும் மிஞ்சும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டு, அடித்தட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம், அந்த வாசனை அட்டையை விட்டு வருஷக்கணக்கில் போகாது.